கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு நிறுத்தத் தெரியாதா?

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அவருடைய அப்பா தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர், வயது 67. திருவிழாக் கடையில் வளையம் எறிவதைக்கூடச் சூதாட்டம் என்று சொல்லிப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர். ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்து, லெவோடோபா, பிராமிபெக்சோல் ஆகிய இரண்டு மாத்திரைகளும் தொடங்கப்பட்டன. பிராமிபெக்சோலின் அளவு கூட்டப்பட்ட சில மாதங்களில், அவர் பேருந்தேறிப் புளியரையைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போய்க் கேரள லாட்டரிச் சீட்டு வாங்கத் தொடங்கினார். முதலில் நாளுக்கு ஒன்றிரண்டாக இருந்தது, போகப்போக எழுபது எண்பது சீட்டாயிற்று. ஓராண்டுக்கு மேல் இது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. நான்கு லட்சம் ரூபாய் வைப்புத்தொகை கரைந்துவிட்டது. அம்மாவின் பதினொரு பவுன் நகை அவருக்குத் தெரியாமலே அடகுக்குப் போயிருக்கிறது. பழைய மாணவர் ஒருவரிடம், உறவினரின் மருத்துவச் செலவு என்று பொய் சொல்லி எண்பதாயிரம் கடன் வாங்கியிருக்கிறார்.

ஆயுத பூஜைக்கு அலமாரியைத் துடைத்தபோது, பழைய பஞ்சாங்கங்களுக்கு அடியில் சீட்டுக் கட்டுகள் கிடைத்தன. தேதி வாரியாக ரப்பர் பேண்டு போட்டிருந்தது. ஒவ்வொரு கட்டின் மேலும் அன்றைய செலவு, எறும்பு ஊர்ந்தது போன்ற பென்சில் எழுத்தில் குறிக்கப்பட்டிருந்தது. நரம்பியல் மருத்துவரிடம் சொன்னதும் அவர் பிராமிபெக்சோலைப் படிப்படியாகக் குறைத்தார். இரண்டு மாதத்தில் லாட்டரி ஆசை போன இடம் தெரியவில்லை. இப்போது அப்பா, "நானா செய்தேன்? மாத்திரை செய்தது. மருந்துக் கம்பெனிதான் பணத்தைக் கட்ட வேண்டும்" என்கிறார். அம்மா அழுதபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஷார்ஜாவில் இருக்கும் தம்பி, "எல்லாம் நடிப்பு, அதே மாத்திரையை எத்தனையோ பேர் சாப்பிடுகிறார்கள்" என்று சொல்லி, வீட்டைத் தன் பெயருக்கு எழுதித் தரும்படி நெருக்குகிறார். வாசகி கேட்பது இதுதான்: "சீட்டுக்குக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு, ஒளித்துவைக்கத் தெரிந்தவருக்கு, நிறுத்த மட்டும் தெரியாதா? நான் அவரை மன்னிப்பதா, கணக்குக் கேட்பதா?"

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பாவும் தம்பியும் எதிரெதிர் பக்கத்தில் நிற்பதாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவரும் ஒரே தவறை இரண்டு முனைகளிலிருந்து செய்கிறார்கள். இழப்புக்கு அப்பா பொறுப்பேற்க வேண்டும், ஆகவே அவர் தெரிந்தேதான் செய்திருக்க வேண்டும் என்று தம்பி முடிவு கட்டுகிறார். தெரிந்து மனமொப்பிச் செய்யவில்லை, ஆகவே எனக்குப் பொறுப்பே இல்லை என்று அப்பா முடிவு கட்டுகிறார். ஒருவர் மேல் எவ்வளவு பழி போடலாம் என்பதும், நடந்ததைச் சீர்செய்யும் கடமை அவருக்கு எவ்வளவு உண்டு என்பதும் வேறு வேறு கேள்விகள். ஒன்று குறைந்தால் மற்றதும் குறையும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இதைப் பிரித்துப் பார்த்துவிட்டால், மன்னிப்பதா கணக்குக் கேட்பதா என்று நீங்கள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய தேவை இருக்காது.

மாத்திரை செய்தது எவ்வளவு?

பார்க்கின்சன் நோயில், மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் சிதைகின்றன. உடல் அசைவை நடத்தும் பகுதிக்கு டோபமைன் வற்றிப்போகும். ஆனால், பரிசு, எதிர்பார்ப்பு, ஆசை ஆகியவற்றோடு தொடர்புடைய பகுதி தொடக்க ஆண்டுகளில் அந்த அளவுக்குப் பாதிக்கப்படுவதில்லை. ஆகவே கை நடுக்கத்துக்கும் விறைப்புக்கும் சரியாக இருக்கும் மருந்தளவு, ஆசையின் பகுதிக்கு அளவுமீறிப் போய்விடக்கூடும். பிராமிபெக்சோல் டோபமைனைப் போலவே செயல்படும் மருந்து. அந்தப் பகுதியில் அதிகம் காணப்படும் டி3 என்ற டோபமைன் ஏற்பிகளோடு அது குறிப்பாக வலுவாகப் பிணைகிறது. இந்நிலையில் கிடைத்த பரிசின் கிளர்ச்சி மூளையில் ஆழமாகப் பதியும். தோல்வி கற்றுத்தர வேண்டிய பாடமோ சரியாகப் பதியாது. எண்பது சீட்டில் ஒன்றுக்கு நூறு ரூபாய் விழுந்தால் அந்த நூறு நிற்கும், போன ஆயிரங்கள் நிற்கா.

இது ஊகம் அல்ல. 2005-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள், புதிதாகச் சூதாட்ட வெறி பிடித்த 11 பார்க்கின்சன் நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 9 பேர் பிராமிபெக்சோல் எடுத்தவர்கள். 2010-இல் வெளியான, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், பிராமிபெக்சோல் வகை மருந்து எடுத்தவர்களில் 17 விழுக்காட்டினருக்கும் எடுக்காதவர்களில் 7 விழுக்காட்டினருக்கும் சூதாட்டம், கட்டுப்பாடற்ற பொருள் வாங்கல், மிதமிஞ்சிய உணவு, பாலியல் நாட்டம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காணப்பட்டது. உறக்கத்தைக் கெடுக்கும் கால் குடைச்சலுக்கும் இதே மருந்தைக் கொடுப்பதுண்டு. அதற்காக எடுப்பவர்களிடமும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தம்பியின் கேள்வி நியாயமானது. மாத்திரை எடுக்கும் பெரும்பாலோர் லாட்டரிக் கடைக்குப் போவதில்லை என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது. யாருடைய மூளை இந்த மருந்துக்கு இப்படி வசப்படும் என்பதில் வயது, குடும்பத்தின் பழைய பழக்கங்கள் எனப் பல காரணங்கள் சேர்கின்றன. அவற்றில் எதையும் உங்கள் அப்பா தேர்ந்தெடுக்கவில்லை. மருந்தளவு கூடியபின் வந்து, குறைந்தபின் போயிற்று என்ற கால வரிசையும் அவர் பக்கம் பேசுகிறது. அறுபது வயதுவரை இல்லாத ஒரு குணம் இப்படி ஒரு மாத்திரையோடு வந்து போனால், அதை நடிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் சீட்டுக் கட்டுகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அவற்றின் தேதிகளையும் பழைய மருந்துச் சீட்டுகளிலுள்ள அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். எந்த அளவில் தொடங்கியது என்று அவருக்குத் தெரிந்தால், இனி எந்த அளவைத் தாண்டக்கூடாது என்பதும் தெரியும்.

கணக்கும் ஒளிப்பும் எதைக் காட்டுகின்றன?

உங்களை மிகவும் உறுத்துவது அந்தப் பென்சில் கணக்குதான் என்பது கடிதத்தைப் படிக்கும் எவருக்கும் புரியும். நினைவு தடுமாறியவர் அல்லர். நாளும் தொகையும் பிசகாமல் எழுதியிருக்கிறார். பேருந்து நேரம் பார்த்துப் போய், மூன்று மணிக் குலுக்கலுக்கு முன் வாங்கி, வீட்டில் நூலகம் போய்வந்ததாகச் சொல்லியிருக்கிறார். இவ்வளவு திட்டமிட்டவர் தன்வசம் இல்லாதவரா என்று கேட்கிறீர்கள்.

தான் என்ன செய்கிறோம் என்று அறிவது ஒரு திறன். அறிந்ததைக் கொண்டு தன்னை நிறுத்துவது வேறொரு திறன். இந்த மருந்து பொதுவாக முதலாவதைத் தொடுவதில்லை. திட்டமிடவும் எண்ணவும் மறைக்கவும் தேவையான அறிவு அப்படியே இருக்கும். அந்த அறிவு முழுவதும் ஆசைக்கு வேலை செய்யப் போய்விடும். ஆகவே அவர் ஒளித்தது, தாம் செய்வது தவறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்றாகும். நிறுத்த முடிந்திருந்தது என்பதற்கு அது சான்றாகாது. சொல்லப்போனால், மாதம் முழுக்கத் தொகையைப் பார்த்துக்கொண்டே வாங்கியவர் என்பது, பார்த்தும் நிற்க முடியவில்லை என்ற பக்கமே சாய்கிறது. முழுக்க முடியவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். மனைவி பேருந்தில் உடன் வந்திருந்தால் அவர் அன்று வாங்கியிருக்க மாட்டார். ஏற்றம் மிகச் செங்குத்தாகிவிட்டது, வழியே அடைந்துபோய்விடவில்லை.

செயலுக்குப் பழியைக் குறைப்பவை பலவந்தமும் அறியாமையும் என்று அரிஸ்டாட்டில் வகுத்தார். செய்பவன் தன் பங்காக எதுவும் சேர்க்காமல், செயலின் தொடக்கம் அவனுக்கு வெளியே இருந்தால் அது பலவந்தம் என்பது அவருடைய இலக்கணம். உங்கள் அப்பாவின் நிலை அந்த இலக்கணத்தில் சரியாக உட்காராது. ஏனென்றால், இங்கே வெளியிலிருந்து வந்த பொருள் கையைப் பிடித்து இழுக்கவில்லை. உள்ளே போய் ஆசையையே மாற்றியிருக்கிறது. அவர் விரும்பித்தான் போனார். அந்த விருப்பம் வந்த வழிதான் அவருடையதல்ல. பலவந்தத்தைவிட அறியாமைதான் இங்கே அதிகம் பேசுகிறது என்பது என் கருத்து.

மருத்துவரிடம் சொன்ன "இல்லை"

ஒரு முறை மருத்துவர், "செலவு, சூதாட்டம் ஏதாவது கூடியிருக்கிறதா?" என்று கேட்டதாகவும், அப்பா உடனே "இல்லை" என்றதாகவும், நீங்களும் அறையில் இருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். நான் கணக்குக் கேட்பதாக இருந்தால் இங்கேதான் கேட்பேன். லாட்டரிக் கடையின் முன் நிற்கும் நொடியில் ஒருவருக்கு இருக்கும் சுதந்திரமும், பத்து மைல் தள்ளி, கதவு சாத்திய அறையில், உதவி செய்யக்கூடிய ஒருவர் கேட்கும்போது இருக்கும் சுதந்திரமும் ஒன்றல்ல. ஆசையை அவரால் அடக்க முடியாமல் இருந்திருக்கலாம். உண்மையைச் சொல்ல அதைவிட அதிகம் முடிந்திருக்கும்.

ஆனால் அந்தக் கேள்வி எதற்காகக் கேட்கப்பட்டது என்று அவருக்கு யாராவது சொன்னார்களா? பசி, தூக்கம், மலச்சிக்கல் வரிசையில் அதுவும் ஒன்றாக வந்துபோயிற்று என்று நீங்களே எழுதுகிறீர்கள். இது மாத்திரையின் பக்கவிளைவாக இருக்கக்கூடும் என்று தெரியாதவருக்கு, அது உடம்பைப் பற்றிய கேள்வியாகக் கேட்காது, "கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டதா?" என்று மகள் முன்னால் கேட்டதாகவே கேட்கும். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் சொன்னவர் அதற்கு என்ன பதில் சொல்லியிருப்பார்? அந்தப் பொய்யில் அவருக்குப் பங்கு உண்டு. அவரைத் தனியாகக்கூட ஒருமுறை விசாரிக்காத, காரணத்தை விளக்காத எங்கள் மருத்துவத் தொழிலுக்கும் உண்டு. அப்பா சுறுசுறுப்பாகி வெளியே போய்வருகிறாரே என்று மகிழ்ந்ததற்காக உங்களையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறீர்கள். அதற்கு அடிப்படையே இல்லை. நடுங்கும் அப்பா நடமாடினால் எந்த மகளும் மகிழவே செய்வாள்.

அசையாத முகம்

உங்கள் கடிதத்தில் நான் அழுத்தமாகத் திருத்த விரும்பும் இடம் ஒன்று உண்டு. அம்மா அழும்போது அவர் முகம் கல்லாக இருந்தது, ஆகவே வருத்தமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பார்க்கின்சன் நோய் முகத் தசைகளின் அசைவையும் குறைக்கிறது. கண் இமைப்பது குறைந்து, உள்ளே என்ன ஓடினாலும் முகம் முகமூடி போட்டதுபோல இருக்கும். குரலும் ஏற்ற இறக்கமின்றித் தாழ்ந்து வரும். அந்தக் கணக்கின் எழுத்து எறும்பு போலச் சிறுத்ததும் இதே நோயின் வேலைதான். அதோடு, இவ்வகை மருந்தைக் குறைக்கும்போது சிலருக்குப் பதற்றமும் சோர்வும் எதிலும் பற்றில்லாத நிலையும் வருவதுண்டு. ஆக, நீங்கள் பார்த்தது வருத்தமின்மையா, வருத்தத்தைக் காட்ட முடியாமையா, மருந்து குறைந்ததால் வந்த மந்தமா என்பதை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பதிலுக்கு நேரம் கொடுத்து, நாலு பேர் முன்னிலையில் அல்லாமல் கேளுங்கள்.

"நானா செய்தேன்?" என்ற வார்த்தையையும் கொஞ்சம் ஆறப்போட்டுப் பாருங்கள். திருடன், நடிகன் என்று மகன் வாயால் கேட்டவர் பிடித்துக்கொள்ள அந்த ஒரு கட்டைதான் கிடைத்திருக்கிறது. அதையும் பிடுங்கினால் அவர் பணத்தைப் பற்றிப் பேசவே மாட்டார். வேறு விதமாகத் தொடங்கலாம்: "அப்பா, அந்த ஆசை உங்களுடையதில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அம்மாவின் நகை உங்கள் கையால்தான் போனது. அதை எப்படி மீட்கலாம்?" பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவவாதி ஒரு லாரி ஓட்டுநரைக் கற்பனை செய்யச் சொன்னார். அவர் பேரில் எந்தத் தவறும் இல்லாமலே ஒரு குழந்தை வண்டியில் அடிபட்டு இறந்துபோகிறது. தவறில்லை என்று நாம் அவரைத் தேற்றுவோம். ஆனாலும், "என்மேல் தவறில்லையே" என்று அவர் உடனே சமாதானமாகிவிட்டால் நமக்குள் ஏதோ நெருடும். பழியில்லாதபோதும் தன் கையால் நேர்ந்ததற்கு ஒருவர் படும் இந்தத் தனி வருத்தத்தைத்தான் உங்கள் அப்பாவிடம் நீங்கள் எதிர்பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த எதிர்பார்ப்பு நியாயமானது. உங்கள் கோபமும் நியாயமானதே. பழிக்கு ஆளில்லை என்பதால் காயம் இல்லாமல் போய்விடாது.

கடன், வீடு, சட்டம்

நான் வழக்கறிஞன் அல்லன். என் தொழிலில் அடிக்கடி எதிர்ப்படும் அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

"மனநிலை சரியில்லாதபோது வாங்கிய கடன் செல்லாது" என்று அப்பா நம்பினால் அது கைகொடுக்க வாய்ப்பு குறைவு. ஒப்பந்தத்தைப் புரிந்துகொள்ளவும், தன் நலனுக்கு அது என்ன செய்யும் என்று சீர்தூக்கவும் அந்த நேரத்தில் முடிந்ததா என்றுதான் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கேட்கிறது. தேதி போட்டுக் கணக்கு எழுதியவர் புரிந்துகொள்ளவில்லை என்று நிறுவுவது கடினம். குற்றச் சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84-ஆம் பிரிவும், 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-ஆம் பிரிவும், செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாதவருக்கே விலக்கு தருகின்றன. அறிந்தும் அடக்க முடியாதவருக்கு அதில் இடமில்லை. தம்பி "இது குற்றம்" என்று மிரட்டுவது இந்த வகையில் முழுக்க ஆதாரமற்றதல்ல; ஆனால், அப்பாவின் பழியை அளக்க அந்தச் சட்டம் நல்ல அளவுகோலுமல்ல.

மருந்து நிறுவனத்தின் மேல் வழக்கு என்பது உலகில் நடக்காத ஒன்றல்ல. பிரான்சில், இதே வகையைச் சேர்ந்த ரோபினிரோல் எடுத்துச் சூதாட்டத்தில் வீழ்ந்த ஒருவருக்கு, 2012-இல் ரென் நகர மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏறத்தாழ 1,97,000 யூரோ இழப்பீடு வழங்கியது. அதில், மருந்தின் தகவல் தாளில் எச்சரிக்கை இல்லாதிருந்தது ஒரு முக்கியமான விஷயம். இப்போது அந்த எச்சரிக்கை அச்சாகி வருகிறது. ஆகவே இழப்பீட்டை நம்பிக் கடனைத் தள்ளிப்போட வேண்டாம். பழைய மாணவரின் எண்பதாயிரத்தை அப்பா தன் ஓய்வூதியத்திலிருந்து மாதத் தவணையாகத் தாமே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். நோயைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதையும் அவரே தீர்மானிக்கட்டும். நீங்கள் முந்திக்கொண்டு அடைத்துவிட்டால் அவரைக் குழந்தையாக்கிவிடுவீர்கள்.

வீட்டை எழுதி வாங்கும் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. வயது, நோய், மன வேதனை ஆகியவற்றால் மனத்திறன் பாதிக்கப்பட்டவரிடம் செல்வாக்கைப் பயன்படுத்திப் பெறும் சம்மதத்தை, அதே ஒப்பந்தச் சட்டம் தகாத செல்வாக்கு என்கிறது. மாத்திரையின் பிடியில் அப்பா போட்ட கையெழுத்தைக் குறைசொல்லும் தம்பி, அவமானத்தின் பிடியில் அவரிடம் ஒரு கையெழுத்தை வாங்கப் பார்க்கிறார். பாதுகாப்புதான் நோக்கமென்றால் எளிய வழிகள் உண்டு: மூலப்பத்திரம் வங்கி லாக்கருக்குப் போகலாம், ஓய்வூதியக் கணக்கை அம்மாவோடு கூட்டாக்கலாம், ஏ.டி.எம். அட்டை அம்மாவிடம் இருக்கலாம். இவற்றை அப்பாவே முன்வந்து செய்தால் நல்லது. தன் ஆசையை நம்ப முடியாது என்று தெரிந்த பிறகு, தெளிவான நேரத்தில் தன்னைத் தானே கட்டிவைத்துக்கொள்வது, இன்று அவரால் முழு மனதோடு செய்யக்கூடிய செயல். நேற்று அவருக்கு இல்லாத அந்த அறிவு இன்று இருக்கிறது. ஆகவே, மருந்தளவு மீண்டும் கூடி, பழைய ஆசை தலைகாட்டி, அவர் அதை மறைத்தால், அந்த மறைப்புக்கு நேற்றைய சலுகையை நான் தர மாட்டேன். இதை அவரிடமே சொல்லிவிடுங்கள்.

உடனே கவனிக்க வேண்டியவை

மீதியுள்ள மாத்திரைகளைப் பயந்துபோய் நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். பார்க்கின்சன் மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவர் சாப்பாட்டைக் குறைத்தாலோ, இரவில் உறங்காமல் இருந்தாலோ, "இருந்து என்ன பயன்" என்று ஒரு சொல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் போங்கள். உடனே பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

கடைசியாக, நீங்கள் அப்பாவைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா அழுதார் என்பதைத் தவிர, அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. பதினொரு பவுனும் அவருடையது. அப்பா மன்னிப்புக் கேட்க வேண்டுமா, எப்போது, எந்த வகையில் என்பதைச் சொல்லும் உரிமை முதலில் அவருக்கு உண்டு. அவரிடம் கேட்காமல் ஒரு மன்னிப்பு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்துவிடாதீர்கள். நகைக்கடனின் தவணைத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏல அறிவிப்பு வருவதற்குள் வட்டியைக் கட்டிப் புதுப்பித்துவிட்டால், மீட்பதற்கு அவகாசம் கிடைக்கும். வங்கிக்குப் போகும்போது அம்மாவையும் அப்பாவையும் சேர்த்தே கூட்டிச் செல்லுங்கள்.